சுவருக்கு அந்தப் பக்கத்து வயலின்

ஷார்ஜாவில் எங்கள் கட்டடத்துச் சுவர்களை யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. பக்கத்து வீட்டுக் குக்கரின் விசில் எங்கள் வீட்டுக்குள் அடிப்பது போலக் கேட்கும். அதனால் குடிவந்த புதிதில் காலையில் வயலினை எடுக்கவே எனக்குப் பயம். முன்பு இருந்த வீட்டில் ஒரு அம்மாள் துடைப்பக் கட்டையால் சுவரைத் தட்டித் தட்டியே என் சாதகத்தைப் பாதியில் நிறுத்தி வைப்பார். தட்டு விழுந்ததும் என் வில் தானாக நின்றுவிடும். அன்று முழுக்க ஆபீஸில் எல்லோர் மேலும் எரிந்து விழுவேன்.

இங்கே தட்டு விழவில்லை. அந்தப் பக்கம் யாரோ காது கேட்காத பெரியவர் இருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் பக்கத்து வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு லிஃப்டுக்குள் வந்தவரைப் பார்த்தேன். நல்ல உயரம், நரைத்த தாடி, தோளில் வயலின் பெட்டி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாளும் என் அபஸ்வரங்களை ஒரு வயலின்காரரா கேட்டுக்கொண்டிருந்தார்?

"காலைல நான் வாசிக்கிறது உங்களுக்குத் தொந்தரவா இருக்கா?" என்று கேட்டேன்.

"தொந்தரவாக இருந்தால் சுவரில் தட்டுகிறேன். தட்டாத வரைக்கும் வாசியுங்கள்," என்றார்.

நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் இங்கிலீஷில்தான். அவர் சொன்னதை எழுத்துத் தமிழில் போடுகிறேன், ஏனென்றால் அவருடைய இங்கிலீஷும் அப்படித்தான், இலக்கணம் பார்த்து மெதுவாக வரும். அவர் செர்பியாக்காரர். துபாயில் ஒரு பெரிய ஹோட்டலில் சாயங்கால நேரத்தில் வாசிப்பவர். அன்றைக்கு லிஃப்டில் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வருஷங்கள் போயின, ஒரு தடவைகூடத் தட்டவில்லை.

நான் ஒன்றும் வித்வான் இல்லை. மதுரையில் பள்ளிக்கூட நாட்களில் கற்றுக்கொண்டது. கல்யாணம், விசா, குழந்தை என்று வயலின் பல வருஷம் அலமாரி மேல் கிடந்தது. மகளுக்குத் தானே தலை வாரிக்கொள்ளும் வயது வந்த பிறகுதான் இறக்கித் தூசி தட்டினேன். தொழில்பேட்டையில் ஒரு சரக்குக் கம்பெனியில் எனக்கு வேலை. கிளம்புவதற்கு முன்னால் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் சுருதிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து ஒரு வர்ணம் வாசிப்பேன். அந்த வர்ணத்தில் ஒரு இடம் எனக்கு ஜென்மப் பகை. மேல் ஸட்ஜத்திலிருந்து வேகமாக இறங்கும்போது நிஷாதத்தில் விரல் வழுக்கும். நிறுத்துவேன். ஒரு பெருமூச்சு விட்டு அந்த வரியை முதலிலிருந்து பிடிப்பேன். மறுபடியும் வழுக்கும். மூன்றாம் தடவை பயந்து பயந்து மெதுவாக இறங்கினால் எப்படியோ தாண்டிவிடும். மிச்சத்தை ஆபீஸுக்கு நேரமாகிவிட்ட பதற்றத்தில் ஓட்டி முடிப்பேன்.

என் மகள் பக்கத்து வீட்டுக்காரரிடம் வயலின் கற்றுக்கொள்ளப் போனாள். நான் சொல்லிக்கொடுத்தால் சண்டைதான் வரும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வயலினைத் தாடையில் இடுக்கிக்கொண்டு நின்றபடி வாசிக்க அவளுக்குப் பிடித்திருந்தது. நான் தரையில் சம்மணமிட்டு, வயலின் தலையைப் பாதத்தில் ஊன்றி வாசிப்பதை அவர் முதன்முதலில் நேரில் பார்த்தபோது என் பாதத்தையும் வயலினையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "இப்படி வாசித்தால் வயலின் கீழே விழாது என்ற நிம்மதி இருக்கும்," என்றார். பாராட்டா கிண்டலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவர் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் பிறந்தவர். பெல்கிரேடில் படித்து அங்கேயே ஒரு ஆர்க்கெஸ்ட்ராவில் சேர்ந்தார். நாட்டில் கெட்ட காலம் வந்தபோது சம்பளம் ஒரு ரொட்டி வாங்கக்கூடக் காணாதாம். மின்சாரம் இல்லாத மாலைகளில் மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு ஒத்திகை பார்த்தார்களாம். பிறகு கப்பலில் பயணிகளுக்கு வாசித்தார், பிறகு இங்கே வந்தார். நடுநடுவே சொந்தமாக இசை எழுதியும் வந்தார். நாலு பேர் சேர்ந்து வாசிப்பதற்கு ஒன்று, தன் மகளைக் குழந்தையில் தூங்க வைப்பதற்கு ஒன்று, தனி வயலினுக்கு என்று ஒரு வரிசை. எல்லாவற்றுக்கும் எண் போட்டு வைத்திருந்தார், கேட்டவர்கள்தான் இல்லை. ஹோட்டலில் சாப்பிட வருகிறவர்களுக்குத் தெரிந்த சினிமாப் பாட்டுகளைத்தான் வாசிக்க வேண்டும். தன்னுடையதை ஒரு நாள் நடுவில் நுழைத்துப் பார்த்தாராம். மேனேஜர் வந்து, "கஸ்டமருக்கு ஜீரணம் ஆகிற மாதிரி வாசியுங்கள்," என்று சொல்லிவிட்டுப் போனாராம். இதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குத்தான் அந்த மேனேஜர் மேல் பற்றிக்கொண்டு வந்தது.

டிசம்பரில் அவர்கள் வீட்டுப் புனிதரின் நாள் வரும். செர்பியாவில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு புனிதர் உண்டாம், நம் குலதெய்வம் மாதிரி. கீழே கடை வைத்திருக்கும் கீழக்கரைக்காரரிடம் கோதுமை வாங்கிக்கொண்டு வந்து வேகவைத்து, சர்க்கரையும் அரைத்த வாதுமையும் சேர்த்துக் கிளறி எங்களுக்கு ஆளுக்கொரு கரண்டி கொடுப்பார். மேஜையில் ஒரு மெழுகுவர்த்தி எரியும். அதை ஊதி அணைக்கக் கூடாது, நாள் முழுக்க எரிய வேண்டும். ஒரு வருஷம் என் மகள் பிறந்தநாள் கேக் ஞாபகத்தில் ஊதப் போனாள். அவர் ஒரே எட்டில் வந்து அவள் வாயைப் பொத்தினார். அவ்வளவு சாதுவான மனிதர் அப்படிப் பாய்ந்து நான் வேறெப்போதும் பார்த்ததில்லை.

போன வருஷம் அந்த ஹோட்டலில் வாத்தியக்காரர்களே வேண்டாம், ஸ்பீக்கர் போதும் என்று முடிவு செய்துவிட்டார்கள். வேலை போனால் விசாவும் போகும். அக்டோபர் கடைசியில் அவர் ஊருக்குத் திரும்ப வேண்டும். அந்தச் சமயத்தில்தான் துபாய் அல் கூஸில் பழைய கிடங்கு ஒன்றை மாற்றிக் கட்டிய கலைக்கூடத்தில் அவருக்கு ஒரு சாயங்காலக் கச்சேரி கொடுத்தார்கள். முழுக்க அவர் எழுதியவை. கடைசியில் ஒரு புதிய உருப்படி.

"பத்து வருஷத்துக்கு மேல் இந்த ஊரில் வாசித்திருக்கிறேன். என்னை இந்த ஊர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும், நிம்மதியாக விமானம் ஏறுவேன்," என்றார். அவர் தனக்காக ஒன்று கேட்டு நான் பார்த்தது அதுதான்.

கலைக்கூடத்தில் அவருடைய வாழ்க்கையும் படைப்புகளும் பற்றி அரைப் பக்கம் கேட்டார்கள். தட்டச்சு செய்யும் வேலை எனக்கு வந்தது. ஹோட்டல் என்ற வார்த்தை வேண்டாமே, கொஞ்சம் கௌரவமாக எழுதுவோமே என்று சொல்லிப் பார்த்தேன். "பிறகு அத்தனை வருஷம் எங்கே இருந்தேன் என்று போடுவீர்கள்? சிறையிலா?" என்று கேட்டார். போட்டேன். புதிய உருப்படிக்குத் தலைப்புக் கேட்டேன். அதற்கும் எண்தான். ஆனால் அதற்கு என் சுருதிப் பெட்டி வேண்டும் என்றார். எதற்கு என்று சொல்லவில்லை. சரி, பழக்கதோஷத்தில் காதில் விழுந்து பிடித்துப்போயிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

கச்சேரி நாள் சரஸ்வதி பூஜை அன்று அமைந்தது. அதுகூட எனக்கு நல்ல சகுனமாகத்தான் பட்டது.

அன்று காலை அவர் வீட்டில் ஏசி நின்றுவிட்டது. பராமரிப்பு ஆள் எட்டிப் பார்த்துவிட்டு "புக்ரா, புக்ரா" என்று கையை ஆட்டிவிட்டுப் போனான். இந்த ஊரில் புக்ரா என்றால் நாளை, அல்லது என்றைக்கோ. அக்டோபரிலும் மதிய வெயிலில் அடைத்த வீடு அடுப்பு மாதிரி இருக்கும். வயலினுக்கு அது ஆகாது, ஒட்டு விட்டுப்போகும். அவர் மேடை, நாற்காலி எல்லாம் பார்க்கக் கலைக்கூடத்துக்குப் போக வேண்டியிருந்தது. அதனால் பெட்டியை எடுத்துவந்து என் கணவரிடம் கொடுத்து, சாயங்காலம் வரைக்கும் குளுமையான இடத்தில் வைத்திருக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நான் ஆபீஸில் இருந்தேன். சரஸ்வதி பூஜைக்கெல்லாம் எங்கள் கம்பெனியில் லீவு தரமாட்டார்கள்.

என் கணவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் சைட் எஞ்சினியர். கட்டடத்துக்கு வரைபடம் எப்படியோ, பூஜைக்கு விதி அப்படி அவருக்கு. லீவு போட்டுவிட்டு, புத்தகங்கள், தன் ஹெல்மெட், டேப், என் வயலின், சுருதிப் பெட்டி எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு மனிதர் வாத்தியத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்தால் அவர் என்ன நினைப்பார்?

மத்தியானமே அனுமதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உள்ளே நுழைந்ததும் பார்த்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பொரி, கடலை, சுண்டல், பழம். என் வயலினுக்கும் மகளின் வயலினுக்கும் நடுவில் அவருடைய வயலின், பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, தலையில் மல்லிகைச் சரம் சுற்றி, தாடை வைக்கும் கட்டையில் சந்தனமும் அதன் மேல் தாராளமாகக் குங்குமமும் வைத்து ஜம்மென்று படுத்திருந்தது.

"ஐயோ, என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க?"

"ஏன், என்ன இப்ப? சாரே கொண்டுவந்து குடுத்தாரு. போன வருஷம் நீதான அவருக்கு இந்தப் பூஜையப் பத்தி அவ்வளவு சொன்ன? அவர் வாத்தியத்தையும் வைக்கணும்னு ஆசப்பட்டிருக்காருன்னு எனக்கு மனசே நெறஞ்சு போச்சு."

"இன்னைக்குச் சாயங்காலம் அவருக்குக் கச்சேரிங்க!"

"இன்னைக்கா? வெள்ளிக்கிழமைனுல்ல நெனச்சேன்." முகம் மாறியது. ஆனால் விதி மாறவில்லை. "வச்சாச்சு. இனிமே நாளைக்குக் காலைல புனர்பூஜ முடிச்சுட்டுத்தான் தொடணும். அதுவரைக்கும் சரஸ்வதிகிட்ட இருக்கு."

"சரஸ்வதிக்கு இன்னைக்கு அல் கூஸ்ல புரோக்ராம் இருக்கு," என்றேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஹெல்மெட்டை எடுத்து அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். அதே சமயம், நானும் அதே வளர்ப்புதானே. மற்ற நாளில் சட்டென்று எடுத்திருக்கக்கூடிய கை, எரிகிற விளக்கைத் தாண்டி நீள மறுத்தது.

நாங்கள் இப்படி நின்றுகொண்டிருக்கும்போதே அவர் வந்துவிட்டார். வெளுத்த சட்டை, கறுப்புக் கோட்டு, காலில் பளபளப்பான ஷூ. வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தன் வயலினைப் பார்த்தார். நான் நடந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றும் ஆகாது என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அவர் விளக்கைப் பார்த்தார். "எரிந்துகொண்டிருக்கிறதே," என்றார். "எங்கள் வீட்டில் மெழுகுவர்த்தி எரியும்போது மேஜையைக் கலைப்பதில்லை." சொல்லிவிட்டு, கோட்டைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டு, சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

அதுவரை நாளைக் காலை, நாளைக் காலை என்று சொல்லிக்கொண்டிருந்த என் கணவர் ஆடிப்போனார். எடுப்பேன் என்று அடம்பிடிக்கிறவரிடம் விதி பேசலாம். எடுக்கமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டவரிடம் என்ன பேசுவது? "சார், ப்ளீஸ் டேக்," என்றார். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். "யூ ஹேவ் கான்சர்ட் சார்." அதற்கும் தலையாட்டினார். முகம் அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் இடது கை விரல்கள் மட்டும் மடியில் கிடந்த கோட்டின் மேல் எதையோ ஓசையில்லாமல் வாசித்துக்கொண்டே இருந்தன. அந்த விரல்களைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. பத்து வருஷம் காத்திருந்த மனிதரின் ஒரே ஒரு மாலை எங்கள் வீட்டுச் சோபாவில் கரைந்துகொண்டிருந்தது.

என் கணவர் போனில் பஞ்சாங்கத்தைத் திறந்தார். வளைகுடா வீடுகளில் பஞ்சாங்கம் பார்ப்பது தனிக் கணக்கு. ஊர் நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்தைக் கழிக்க வேண்டும். கழிக்க மறந்து ராகு காலத்தில் கார் டெலிவரி எடுத்தவர்கள் எல்லாம் உண்டு. அவர் கழித்தார், கூட்டினார், ஜன்னலோரம் போய் நின்று மறுபடியும் கழித்தார்.

"தசமி பொறந்தாச்சு!" என்று கத்தினார். "ஊர்ல சாயங்காலம்னு போட்டிருக்கான். இங்க இப்பவே பொறந்தாச்சு. அப்ப கணக்குப்படி இப்பவே விஜயதசமிதான்."

இதே வாதத்தை நான் சொல்லியிருந்தால் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பார். கற்பூரம் காட்டினார், படத்தைக் கொஞ்சம் வடக்கே நகர்த்தினார், முடிந்தது என்றார். மல்லிகைச் சரத்தைக் கழற்றி, வயலினை இரண்டு கையாலும் எடுத்து அவரிடம் நீட்டினார். பிறகு திடீரென்று ஞாபகம் வந்தது போல, "ஒன் மினிட் சார். எடுத்த உடனே சாமி முன்னாடி மொதப் பாடத்த வாசிக்கணும்," என்றார். நான் பல்லைக் கடித்தேன். இதற்கும் ஒரு விதியா?

அவருக்கு அது பிடித்துவிட்டது. எழுந்து நின்று, கண்ணை மூடி, விரலே வைக்காமல் நாலு தந்திகளையும் ஒவ்வொன்றாக நீளமாக இழுத்தார். ஆறு வயதில் அவருக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அதுதானாம். என் மகள் அவருக்கு ஒரு பொட்டலம் சுண்டல் கட்டிக் கொடுத்தாள். தாடைக் கட்டையில் இருந்த குங்குமத்தைத் துடைக்கத் துணி கொண்டுவந்தேன். "இருக்கட்டும்," என்றார்.

என் கணவர் காரை எடுத்தார். சாலையின் எதிர்ப்பக்கத்தில்தான் வழக்கம்போல் ஷார்ஜா திரும்பும் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. எங்கள் பக்கம் வழி கிடைத்தது. பின்சீட்டில் அவர் சுருதிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சுண்டலைச் சாப்பிட்டுக்கொண்டே வந்தார்.

கலைக்கூடத்தில் பாதி நாற்காலிகள் காலி. வந்திருந்தவர்களில் சிலர் ஹோட்டலில் கூட வாசித்தவர்கள், சிலர் அவரிடம் படிக்கும் பிள்ளைகளின் அப்பா அம்மா. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தயக்கமாக இருந்தது. ஆனால் அவர் காலி நாற்காலிகளைப் பார்க்கவே இல்லை. வாசித்தார். ஹோட்டலில் நான் கேட்ட மனிதர் இவர் இல்லை. அங்கே வில் விருந்தாளிகளுக்கு வழிவிட்டு ஒதுங்கிப் போகும். இங்கே அது தன் வீட்டுக்குள் நடப்பது போல நடந்தது. நடுவில் ஒரு தடவை வயலினை இறக்கியபோது கழுத்தெல்லாம் சிவப்பு. முன்வரிசையில் ஒரு பெண்மணி ரத்தம் என்று பயந்து டிஷ்யூவோடு எழுந்தே விட்டார். என் கணவர் நாற்காலியில் சரிந்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

கடைசியில் அந்தப் புதிய உருப்படி. அவர் குனிந்து சுருதிப் பெட்டியைப் போட்டார். அந்தப் பெரிய கிடங்கு முழுக்க எங்கள் வீட்டுக் காலை நேரம் வந்து நிறைந்தது. மெதுவாகத் தொடங்கி மேலே ஏறினார். உச்சியிலிருந்து வேகமாக இறங்கும்போது சட்டென்று நின்றார். வில்லைத் தந்தியில் லேசாக உரசினார், பெருமூச்சு மாதிரி ஒரு ஓசை. மறுபடியும் அடியிலிருந்து ஏறினார், அதே இடத்தில் மறுபடியும் நின்றார். எனக்கு ஏதோ உறுத்தியது, என்னவென்று பிடிபடவில்லை. அவர் மறந்துவிட்டாரோ என்று நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன்.

என் கணவர் என் காதருகில் குனிந்தார். "ஏய், இது நீ தெனமும் தடுக்கி விழுற எடமாச்சே."

மூன்றாம் தடவை அவர் இறங்கினார். பயந்து பயந்து, ஒவ்வொரு படியாக, பாதம் வைத்துப் பார்த்து இறங்குவது போல. என்னுடைய பயம் அது. கீழே வந்து சேர்ந்ததும் ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது போல ஒரு ஓட்டம். வருஷக் கணக்கில் நான் வெட்கப்பட்ட ஒரு இடம், அவர் கையில் அவ்வளவு அழகாக இருந்தது. முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். நான் எழுந்திருக்கவில்லை. தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தேன், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

வெளியே கார் நிறுத்திய இடத்தில், "இத எப்ப எழுதினீங்க?" என்று கேட்டேன்.

"நான் எங்கே எழுதினேன்? சுவர் மெலிசு," என்றார். பிறகு வானத்தைப் பார்த்தார். "கேட்டுவிட்டார்கள்," என்றார்.

மாதக் கடைசியில் அவர் ஊருக்குப் போய்விட்டார். நாங்கள்தான் விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டோம். கீழக்கரைக்காரர் கோதுமை ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினார், அங்கே கோதுமைக்கா பஞ்சம் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் எனக்கு அடிக்கடி ஞாபகம் வருவது அந்த விமான நிலையம் இல்லை. கச்சேரிக்கு மறுநாள் காலைதான்.

அன்று என் கணவர் முறைப்படி இன்னொரு தடவை புனர்பூஜை செய்தார். மனசு கேட்கவில்லையாம். நான் என் வயலினை எடுத்து, முதல் பாடத்தை வாசித்துவிட்டு, வர்ணத்தைத் தொடங்கினேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இருக்கிறார் என்பது இப்போது உடம்பெல்லாம் தெரிந்தது. அவருக்காகவாவது இன்று ஒழுங்காக வாசிக்க வேண்டும் என்று முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். அந்த இடம் வந்தது. மேல் ஸட்ஜம், இறக்கம், நிஷாதம். விரல் வழுக்கவில்லை. சுத்தமாக, நேராக, ஒரே ஓட்டத்தில் கீழே வந்து சேர்ந்தேன். எத்தனை வருஷத்து ஏக்கம்! கணவர்கூட அடுக்களையிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

அப்போது சுவரில் தட்டு விழுந்தது. டொக், டொக்.

வில் தானாக நின்றது. அவர் தட்டிய முதல் தட்டு அதுதான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்துவிட்டது. ஒரு பெருமூச்சு விட்டு, வரியை முதலிலிருந்து பிடித்து, அந்த இடத்தில் விரலை வழுக்க விட்டேன். அதற்குப் பிறகு அவர் தட்டவில்லை.